ஏறுகிறவர்கள் நடுவே இறங்கியவன்

எங்கள் பட்டாளத்தில் இன்றைக்குப் பெயிண்டராக இருப்பவர் போன மாதம் எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். மலை, பனி, புகை, துப்பாக்கியோடு பாய்கிற சிப்பாய்கள். கம்ப்யூட்டரிடம் இன்னது வேண்டும் என்று சொன்னதும் அதுவே வரைந்து கொடுத்துவிட்டதாம். ‘எப்படிண்ணே இருக்கு?’ என்று கேட்டிருந்தார். சமயநல்லூர் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லோரும் சினிமாக் கதாநாயகன் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு மேலே பார்க்கிறார்கள். ஒருத்தனுக்கும் மூக்கு ஒழுகவில்லை. அந்தக் குளிரில் மூக்கு ஒழுகாத சிப்பாய் எந்த நாட்டுப் பட்டாளத்திலும் கிடையாது.

போன் போட்டு, “நல்லா இருக்கு தம்பி. யாரு இவங்க எல்லாம்?” என்று கேட்டேன்.

“யாருமில்லண்ணே. சும்மா சிப்பாய்ங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சும்மா சிப்பாய் என்று ஒரு ஆள் உண்டா? திட்டித் தீர்த்தேன். அவர் நல்ல மனுஷர், எதிர்த்துப் பேசவில்லை. “அப்ப நம்ம காட்சிக்கூடத்துப் படத்தை நீங்க எப்படி வரைஞ்சீங்கன்னு பட்டாளத்து விழா மலருக்கு எழுதிக் குடுங்கண்ணே” என்று மடக்கிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கோபத்தில் எழுதுவதால் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பட்டாளத்தில் சேர்ந்தது சுடுவதற்கல்ல, வர்ணம் அடிப்பதற்கு. மதுரையில் ஒரு லாரிப் பட்டறையில் நம்பர் பிளேட்டும், பின்பக்கம் ‘ஒலி எழுப்புக’வும் எழுதிக்கொண்டிருந்தவன். ஆள் எடுப்பில் பெயிண்டர் என்று ஒரு பிரிவு இருப்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். பயிற்சியில் ஓடினேன், விழுந்தேன், எழுந்தேன். அது எல்லோருக்கும் உள்ள கதை. பட்டாளத்துப் பெயிண்டரின் உண்மையான வேலை செங்காவியும் சுண்ணாம்பும்தான். ஜெனரல் வருகிறார் என்றால் பாதை ஓரத்துச் செங்கல்களுக்கு ஒன்றுவிட்டு ஒன்று சிவப்பு, வெள்ளை அடிக்க வேண்டும். மரங்களுக்கு இடுப்பு வரை வேட்டி கட்டிவிட்ட மாதிரி வெள்ளை. ஒருமுறை அவசரத்தில், படுத்திருந்த எருமையின் கொம்பிலும் கொஞ்சம் பட்டுவிட்டது. அதையும் சேர்த்து ஜெனரல் பாராட்டிவிட்டுப் போனார்.

இப்படி இருந்தவனைக் காட்சிக்கூடத்துக்குப் படம் வரைய இழுத்தவர் சுபேதார் சாமுவேல். பட்டாளத்தில் மேலே இருப்பவர் எல்லோரும் ‘சாப்’தான், ஆனால் எனக்குச் சாப் என்றால் அவர்தான். பசுமலைக்காரர். அப்பா அங்கே மிஷன் பள்ளியில் வாத்தியார். எல்லையில் நடந்த சண்டையில் தொடையில் குண்டு வாங்கி, ஒரு கால் விறைத்துப்போனவர். இனி மலையேற முடியாது என்பதால் பட்டாளத்தின் பழைய ஆயுதங்களும் படங்களும் இருக்கும் காட்சிக்கூடத்தை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நான் எதை வரைந்தாலும் பக்கத்தில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “இதைப் பாத்தவன் யாரு?” பார்த்தவன் பெயரைச் சொன்னால் நகர்ந்துவிடுவார். சொல்ல முடியாவிட்டால் அழிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் பயந்த மாதிரி எந்த அதிகாரியின் சத்தத்துக்கும் பயந்ததில்லை.

அந்தக் கேள்வியிடம் நான் வாங்கிய முதல் அடி, பனியை வரைந்தபோது. அதுவரை நான் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. மதுரைக்காரனுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் இருப்பதுதான். வெள்ளையை அப்பி, சிப்பாய்களின் நிழலைக் கறுப்பாகப் போட்டேன். சாப் வந்தார். கேட்டார். அழிக்கத் துணியை எடுத்தேன். திட்டாமல் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், காய்ந்துகொண்டிருந்த அவருடைய வேட்டியைக் காட்டினார். சாயங்கால வெயில். வேட்டியில் விழுந்திருந்த கொடிக்கம்ப நிழல் நீலமாக இருந்தது. இத்தனை வருஷம் அதைப் பார்க்காமலே நான் என் வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

முதல் வருஷம் சண்டைப் படமே கொடுக்கவில்லை. “சண்டை கொஞ்ச நேரம்தான் மாணிக்கம். மிச்சமெல்லாம் காத்துக் கிடக்கறது. அதை முதல்ல வரை” என்றார். அதனால் பதுங்குகுழிக்குள் ஒருவன் தலையை இன்னொருவன் கத்தரிப்பதை வரைந்தேன். டீக்காகத் தகரத்தில் பனியை அள்ளிப்போட்டு உருக்குவதை, ஸ்டவ்வுக்கு மேலே காலுறைகள் வரிசையாகத் தொங்குவதை, ஊரிலிருந்து வந்த முறுக்குப் பொட்டலம் பொடியாகிக் கிடக்க, அந்தப் பொடியையே பங்கு போட்டுத் தின்பதை எல்லாம் வரைந்தேன். எதிரிச் சிப்பாயை வரைந்தபோது அவனைக் கொஞ்சம் அரக்கனாகக் காட்டப் பார்த்தேன். சாப் தலையை ஆட்டினார். “அவனும் நடுங்கிக்கிட்டுத்தான் இருந்தான். அவன் பல்லு அடிக்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு.” அப்புறம் நான் யாரையும் அரக்கனாக வரையவில்லை.

பட்டாளத்துக்கு விழா ஆண்டு வந்தது. சாப் அடிபட்ட அந்த எல்லைச் சண்டையின் கடைசி மலையேற்றத்தை ஒரு சுவர் அகலத்துக்கு வரையச் சொல்லி கர்னல் உத்தரவு போட்டார். வடநாட்டுக்காரர், ஆனால் எங்கள் பட்டாளத்து வழக்கப்படி தமிழ் கற்றுக்கொண்டவர். அவர் தமிழில் கொஞ்சம் இலக்கணம் இடிக்கும், அர்த்தம் இடிக்காது.

வரையத் தொடங்கும் முன்னால் விசாரணை. உயிரோடு திரும்பியவர்களில் வர முடிந்தவர்களை எல்லாம் கால்பந்து மைதானத்தில் கூட்டினார் சாப். நான் சுண்ணாம்புப் பொடியால் மலையைத் தரையில் வரைந்தேன். பாறை இங்கே, ஓடை இங்கே, எதிரியின் மெஷின்கன் இங்கே. “அவனவன் இடத்துல போயி படுங்க” என்றார். அய்யோ, அந்தக் கூத்தைப் பார்த்திருக்க வேண்டும்! தொப்பை வைத்த ஹவில்தார்கள் எல்லாம் குடுகுடுவென்று ஓடி, பாறைக்கு முன்னாலேயே இடம் பிடித்துப் படுத்துவிட்டார்கள். ஒருத்தன் கால்மேல் இன்னொருத்தன். “நாந்தாண்டா முதல்ல போனேன்”, “போடா, நீ பின்னாடி இருமிக்கிட்டுக் கிடந்த” என்று சண்டை. சாப் கைத்தடியை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, “அம்புட்டுப் பேரும் முன்னாடி இருந்தா பின்னாடி யாருய்யா இருந்தது?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டே பாதிப்பேர் பின்னால் நகர்ந்தார்கள். அப்படி நகர்ந்த பிறகுதான் மலை மலையாகத் தெரிந்தது.

இறந்தவர்களின் இடங்களில் செங்கல் வைத்தோம். சிப்பாய் தவசியின் செங்கல் மட்டும் மற்றவற்றை விட்டு விலகி, சரிவில் கீழே இருந்தது. அவன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். எல்லோரும் மேலே ஏறும்போது அவன் ஏன் கீழே கிடந்தான் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தொடையில் அடிபட்டு விழுந்த சாமுவேல் சாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். வழியில் பின்னாலிருந்து குண்டு பாய்ந்து செத்தான். சாப் பிழைத்தார். மைதானத்தில் அந்தச் செங்கல்லிடம் வந்தபோது சாப் அதைக் கையால் தொட்டுவிட்டு நகர்ந்தார்.

அடுத்த வேலை முகங்கள். இறந்தவர் வீடுகளுக்குப் போய் நல்ல போட்டோ வாங்கி வர வேண்டும். தவசி வீடு என் ஊர்ப்பக்கம் என்பதால் லீவில் வந்தபோது டவுன் பஸ் பிடித்துப் போனேன். அப்பா வீரணன், மாட்டுத் தரகர். தாய் முன்பே காலமாகிவிட்டாள். வீட்டுச் சுவரில் சாமி படம் இருந்தது, காலண்டர் இருந்தது, தவசி இல்லை. பட்டாளத்தில் செத்தவன் போட்டோவுக்கு மாலை போடாத வீடு ஒன்றை அப்போதுதான் பார்த்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, “எம்மகனை விட்டுட்டு வரைங்க தம்பி” என்றார்.

“ஏங்கய்யா?”

“ஏன்னா? பெட்டியில கொண்டாந்தாங்க. தெறக்காதீகன்னு சொன்னாங்க. பெத்த மகனைக் குளிப்பாட்டாம எப்படி அனுப்புறது? தெறந்தேன். நானும் பங்காளி காசியும்தான் குளிப்பாட்டுனோம். நெஞ்சுல ஒரு கீறல் இல்ல. முதுகுல ஓட்டை.” வாளியைக் கீழே வைத்தார். “முதுகுல, தம்பி.”

அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியதில்லை, நான் இந்த மண்ணில் பிறந்தவன். ஆனாலும் சொன்னார். காசி டீக்கடையில் வாயை விட்டிருக்கிறார். கோயில் கூட்டத்தில் ஏதோ பேச்சு வந்து, ‘முதுகுல வாங்குனவன் அப்பன்தானே நீ’ என்று ஒருவன் கேட்டுவிட்டான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அன்றிலிருந்து அவர் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை. சுவரிலிருந்து போட்டோவையும் இறக்கிவிட்டார்.

“அய்யா, அவரு ஒருத்தரைக் காப்பாத்தத் தூக்கிட்டு வந்தாரு. பட்டாளத்துல இருந்து லெட்டர் வந்திருக்குமே.”

“வந்துச்சு. வீரமாச் செத்தான்னு இருந்துச்சு. செத்தவனைப் பத்தி எந்த மகராசன் கோழைன்னு எழுதுவான்?” என்றார். “கெளம்புங்க தம்பி. கடைசி வண்டி போயிரும்.” சூரியன் அப்போது உச்சியில் இருந்தது.

வெறுங்கையோடு திரும்பினேன். மாதிரிப் படத்தைக் கரியில் வரைந்து முடித்தபோது கர்னல் பார்க்க வந்தார். பக்கவாட்டிலிருந்து பார்ப்பது போன்ற படம். எல்லோரும் வலப்பக்கம் மேலே ஏறுகிறார்கள். தவசி மட்டும் சாப்பை முதுகில் சுமந்து இடப்பக்கம் இறங்குகிறான். கர்னல் கண் நேராக அங்கே போய் நின்றது.

“இந்த ஆள் ஏன் கீழே பார்க்கிறான்?”

“முதுகுல இருக்கறது நான் சாப்” என்றார் சாமுவேல்.

கர்னலுக்கும் அது தெரியும், பதிவேட்டில் இருப்பதுதானே. “எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். நாளைக்கு வருகிற ரெக்ரூட்டுக்கு என்ன தெரியும்? கீழே எழுதினதைப் படிக்க மாட்டான், படத்தைத்தான் பார்ப்பான். எதிரிக்கு முதுகு காட்டிய ஒரு ஆள். நம்ம சுவரில் அது இல்லை. திருப்பி வரை. துப்பாக்கி கொடு.”

சாப் அசையவில்லை. “அவன் எதிரி பக்கம் திரும்பியிருந்தா நான் இங்க நிக்கமாட்டேன் சாப்.”

ஒரு சுபேதார் கர்னலிடம் இப்படி நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததில்லை. கர்னல் கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இவன் அப்பா இருக்கிறாரா? போய்க் காட்டு. அவருக்கு இது சரி என்றால் எனக்கும் சரி. அவருக்கு அவமானம் என்றால் என் சுவரில் அந்த அவமானம் தொங்காது.”

நான் போய்வந்த கதையைச் சாப்பிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அதனால் இந்த உத்தரவு எங்கே முடியும் என்று இருவருக்கும் தெரிந்தது. உசிலம்பட்டிக்கு அவரும் கிளம்பினார். பஸ்ஸில் விறைத்த காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஒரு தடவைகூட நீங்க போகலையே சாப்” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். “லெட்டர் போட்டேன். பதில் இல்ல. நேர்ல போயி எப்படி நிக்கறது மாணிக்கம்? அவரு மகன் மண்ணுக்குள்ள, நான் கைத்தடியோட முழுசா. என்னைப் பாக்கறப்ப எல்லாம் அவருக்கு என்ன தோணும்?” என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

வீரணன் வீட்டு வாசலில் மாடு பார்க்க வந்த காசியும் இருந்தார். நான் சாப்பைக் காட்டி, “இவரைத்தான் அய்யா, உங்க மகன் தூக்கிட்டு வந்தது” என்றேன்.

வீரணன் உட்காரச் சொல்லவில்லை. சாப்பின் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். சந்தையில் மாட்டைப் பார்க்கிற பார்வை. “சொல்லிக் குடுத்து அனுப்பிச்சாகளா?” என்று கேட்டார். சாப் தலை குனிந்தார். நான் படத்தைக் கட்டிலில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தேன்.

வீரணன் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “பொய்யி” என்றார்.

“அய்யா...”

“பொய்யிங்கறேன்ல. உப்புமூட்டை தூக்கியிருக்கான். முதுகு மேல ஆளு இருந்தா, பின்னாடியிருந்து வந்த குண்டு யாரு மேல படும்? இவரு மேலல்ல பட்டிருக்கணும்? எம்மகனுக்கு எப்படி ஓட்டை விழும்?”

இத்தனை விசாரணை நடத்தியும் இந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவில்லையே! காசி ‘நான் அப்பவே சொன்னேனே’ என்கிற மாதிரி தொண்டையைக் கனைத்தார். தவசி அவரைத் தூக்கியதை இருவர் பார்த்திருந்தார்கள், எப்படித் தூக்கினான் என்று பார்த்தவர் இல்லை. சாப்புக்குப் பாதி நினைவு. அவர் சொல்லித்தான் நான் உப்புமூட்டையாக வரைந்தேன்.

சாப் மெதுவாகப் பேசினார். “அய்யா, எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. முதுகுலன்னுதான் நெனச்சிருந்தேன். ஒண்ணு மட்டும் நல்லாத் தெரியும். அடிவயித்துல எலும்பு மாதிரி ஏதோ குத்திக்கிட்டே இருந்துச்சு. வாந்தி வர்ற மாதிரி. தொடையில குண்டு, வயித்துல ஏன் வலிக்குதுன்னு அப்பவும் நெனச்சேன். ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு வயித்துல காயமே இல்லைன்னுட்டாங்க.”

வீரணன் படத்தை விட்டுச் சாப்பின் பக்கம் திரும்பினார்.

“வயித்துலயா?”

“ஆமாய்யா.”

“ரத்தம் தலைக்கு ஏறுன மாதிரி இருந்துச்சா?”

சாப் யோசித்தார். “இருந்துச்சு. அவன் பூட்ஸோட பின்பக்கம் தலைகீழாத் தெரிஞ்சுச்சு. மயக்கத்துல அப்படின்னு விட்டுட்டேன்.”

“எந்திரிங்க தம்பி” என்றார் வீரணன் என்னிடம். எழுந்தேன். என்னைத் திருப்பி நிறுத்தினார். சட்டைக்கு மேலே, வலது பக்கம், தோள்பட்டைக்குக் கீழே ஒரு விரலை வைத்து அழுத்தினார். “இங்க. எங்கையால கழுவுனேன். இங்கதான் இருந்துச்சு.” பிறகு என் இடது தோளைத் தட்டினார். “அவன் பீச்சாங்கைக்காரன். நெல்லு மூட்டைய எடது தோள்லதான் போடுவான். கன்னுக்குட்டி நொண்டுச்சுன்னாலும் எடது தோள்தான். தோள்ல போட்டா தோள் எலும்பு வயித்துலதான் குத்தும். தலை பின்னாடி தொங்கும். எடது பக்கம் இவரு. வலது பக்கம் வெறும் முதுகு.”

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். தான் சொன்னது தனக்கே அப்போதுதான் கேட்டது போல இருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“ஓடுனவன் மூட்டைய எறிஞ்சுட்டுல்ல ஓடியிருப்பான்” என்றார். “எறியலையே. எம்மகன் எறியலையேடா காசி!”

அந்த மனுஷர் வாய்விட்டு அழுதார். காசி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “அண்ணே, எனக்கென்னண்ணே தெரியும்” என்று முனகினார். சாப் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு, மடங்காத காலோடு அவர் பக்கத்தில் எப்படியோ சரிந்து உட்கார்ந்தார். வீரணன் அவரைத் தள்ளவில்லை. அந்த விறைத்த தொடையின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார்.

அழுது முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்தபோது நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “அய்யா, படத்துல இருக்கலாமா? கர்னல் உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாரு. முகத்துக்கு ஒரு போட்டோ குடுத்தீங்கன்னா...”

“மூஞ்சி வேணாம்” என்றார்.

நான் படத்தைச் சுருட்டப் போனேன்.

“முதுகை வரை. எம்புட்டுப் பெருசா வரைய முடியுமோ வரை. ஓட்டையோட வரை. இம்புட்டு நாளு ஊரு பேசுச்சுல்ல, இப்ப நல்லாப் பாக்கட்டும்.”

சொல்வது எளிது. முதுகு தெரிய வேண்டுமானால் மொத்தப் படத்தையும் மாற்ற வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்த்த மலையை இப்போது உச்சியிலிருந்து, எதிரி நின்ற இடத்திலிருந்து பார்க்க வேண்டும். மறுபடி மைதானத்தில் சுண்ணாம்பு போட்டேன். ஏணிமேல் ஏறி நின்று, சாப்பை ஒரு சிப்பாயின் இடது தோளில் போட்டு நடக்கவைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். மேலிருந்து பார்த்ததும் இன்னொன்று நடந்தது. ஏறுகிற அத்தனை பேரும் நம்மைப் பார்த்து வருகிறார்கள். அத்தனை முகங்களுக்கும் நடுவில், கீழே போகிற ஒரே ஒரு முதுகு. கர்னல் வந்து பார்த்தார். “நீ எதிரியின் இடத்தில் நின்றிருக்கிறாய்” என்றார். பயந்துவிட்டேன். “நன்றாகத் தெரிகிறது அங்கிருந்து” என்று சொல்லி ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

திறப்பு விழாவுக்கு இறந்தவர்களின் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. வீரணன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார், காசியையும் கூட்டிக்கொண்டு. திரை விலகியதும் அவரவர் தங்கள் பிள்ளையின், கணவனின் முகத்தைத் தேடி நெருங்கினார்கள். வீரணன் தள்ளியே நின்றார். வெளியிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய அதிகாரி அவரைக் கவனித்து, எது உங்கள் மகன் என்று ஹிந்தியில் கேட்டார். சாப் அதைத் தமிழில் சொன்னார். வீரணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். கையை நீட்டி, அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“அந்தா, முதுகு தெரியுதே. அவன்தான் எம்மகன்.”